மேடையில் முருகன்... இறங்கினால் சாதி! யார் இந்த விஸ்வநாத தாஸ்?

சிவகாசின்னா பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர். அதே ஊரில் 1886-ல் பிறந்த ஒரு நாடக நடிகரை, வெறும் பாட்டுக்காகவே வெள்ளைக்கார அரசு திரும்பத் திரும்ப சிறையில் அடைத்தது. பெயர் விஸ்வநாத தாஸ். மருத்துவர் எனப்படும் முடிதிருத்துவோர் சமூகத்தைச் சேர்ந்தவர். பின்னாளில் திருமங்கலம்தான் அவருக்கு ஊர்.

பாட்டு பாடினால் கைதா?

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 'வள்ளி திருமணம்' முருகன் வேஷம். அந்தக் கதையில் வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுவாள் இல்லையா? பறவைக்கு இடம் இருக்கிற அந்த நாடகத்தில் தாஸ் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். கதைப்படி அது கொக்குதான். ஆனால் அது யாரென்று தரையில் உட்கார்ந்திருந்த கடைசி ஆளுக்கும் புரிந்தது, போலீசுக்கும் புரிந்தது. நாடகத்தைத் தடை செய்ய 1876-லேயே சட்டம் இருந்தாலும், விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர் எந்த இடத்தில் எந்தப் பாட்டைச் செருகுவார் என்று முன்கூட்டியே யார் பார்ப்பது?

சரி, வள்ளி யார்?

சிக்கல் இங்கேதான். தாஸின் சாதியைச் சொல்லி, அவருக்கு ஜோடியாக நடிக்க நடிகைகள் மறுத்தார்கள். ஸ்பெஷல் நாடகத்துக்கு நிரந்தரக் குழு கிடையாது. ஒவ்வொரு ஊருக்கும் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ராஜபார்ட் யார் என்று கேட்டுவிட்டு 'நான் வரலை' என்று சொல்வது ரொம்ப சுலபம். முருகனாக வந்தால் கையெடுத்துக் கும்பிட ஆள் இருந்தது. பக்கத்தில் நிற்கத்தான் ஆள் இல்லை.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை. 1939-ல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் ஹாலைத் தர மறுத்தார்கள். அவர் லிங்கன் நினைவகப் படிகளில் நின்று பாடினார்; கேட்க வந்தவர்கள் சுமார் 75,000 பேர். அங்கே அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட், மண்டபத்தை மறுத்த அமைப்பிலிருந்தே விலகினார். தாஸை எதிர்த்து நின்றதோ அரசு ஒருபக்கம், சொந்த ஜனம் இன்னொரு பக்கம்.

கடைசி நாள்?

1940 டிசம்பர் 31, சென்னை ராயல் தியேட்டர். மயில் மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. வயது 54. இறுதி ஊர்வலமும் அதே முருகன் வேஷத்தில்தான் நடந்தது. திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அரசு நினைவு இல்லம்.