புதுக் கம்ப்யூட்டர்: கூடுதல் பணத்தை எதில் போடலாம்?

"இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா ஐ7-ஏ எடுத்துடலாம் சார்." சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஷோரூமானாலும் சரி, கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர் தவறாமல் கேட்கும் பேச்சு இது. மகளின் கல்லூரிப் படிப்புக்கோ வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கோ ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருப்பார்கள். கஷ்டப்பட்டால் அதற்கு மேல் ஒரு பத்தாயிரம் புரட்டலாம். அந்தப் பத்தாயிரத்தை எந்தப் பாகத்தில் போட்டால் ஐந்தாறு வருடத்துக்குப் பலன் தெரியும்? பல வீடுகளில் அந்தப் பணம் பலன் தெரியாத இடத்துக்கே போய்ச் சேருகிறது.

இப்போது இந்தக் கேள்வி நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸராக இருந்தால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர்கள்கூட இதனால் ஓரம் கட்டப்படுகின்றன.

நான் பார்ப்பது இரண்டு விஷயம். கம்ப்யூட்டர் எந்த இடத்தில் காத்துக் கிடக்கிறதோ, அந்த இடத்துக்குப் பணம் போக வேண்டும். அதிலும், பின்னால் மாற்றவே முடியாத பாகத்துக்கு முதலில் போக வேண்டும்.

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்று நாம் அலுத்துக்கொள்ளும் நேரத்தில் பிராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. அது கேட்ட தகவல் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. தகவல் இருக்கும் தடத்துக்கு அதன் முள் நகர்ந்து போக ஏறக்குறைய 9 மில்லி நொடி. போய்ச் சேர்ந்ததும், வேண்டிய இடம் சுழன்று முள்ளுக்குக் கீழே வரும்வரை சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு இன்னொரு 4 மில்லி நொடி. ஆக, ஒரு சின்னத் துண்டுத் தகவலை எடுக்க 13 மில்லி நொடி ஆகிறது. நமக்கு இது கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. பிராசஸருக்கு அப்படியில்லை.

ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ நொடி ஆகும். அதாவது ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு. இதை ஒரு முழு நொடியாக நீட்டிப் பார்த்தால், அதே கணக்கில் சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி பதில் தரப் பதினேழு நிமிடம் ஆகும். ஹார்ட் டிஸ்க் பதில் தர ஒன்றரை நாள் ஆகும். விண்டோஸ் எழுந்து நிற்பதற்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நாள் காத்திருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த பிராசஸர் இருந்தும் பயனில்லை.

உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐபிஎம் 1956-இல் வெளியிட்டது. ராமாக் கணினியில் இருந்த அந்தச் சாதனத்தில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்தன. அன்று தொடங்கிய அந்தச் சுழற்சியிலிருந்து நம்மை விடுவித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. சுழலும் பாகம் எதுவும் இல்லாமல், மின்சாரம் போனாலும் தகவலைப் பிடித்து வைத்திருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தை அவர் 1984-இல் அறிவித்தார். இன்றைய எஸ்எஸ்டிக்கு அடிப்படையான நாண்ட் வகை 1987-இல் வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரின் வேகத்தை நாம் உணரும்படி மாற்றியதில் இதற்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன்.

எனவே விண்டோஸ் இருக்கும் டிரைவ் எஸ்எஸ்டியாக இருக்கட்டும். இதில் பேரமே வேண்டாம். ஆனால் எந்த எஸ்எஸ்டி என்பதில் சிக்கனம் பார்க்கலாம். சாட்டா வகை நொடிக்கு 550 மெகாபைட் படிக்கும். என்விஎம்இ மூன்றாம் தலைமுறை 3500 வரை. நான்காம் தலைமுறை 7000 வரை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இவற்றில் எதற்கு மாறினாலும் வித்தியாசம் முதல் நாளே தெரியும். 3500-க்கும் 7000-க்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரிய வீடியோ கோப்புகளை நாள் முழுக்க நகர்த்துகிறவருக்குத் தெரியும். பிரவுசரும் எக்செலும் திறக்கிறவருக்குத் தெரியாது. மலிவு லேப்டாப்களில் இஎம்எம்சி என்று போட்டிருந்தால் மட்டும் தொடாதீர்கள். அது எஸ்எஸ்டி இல்லை. வேகம் குறைவு, மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள்.

256 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். 512 இன்றைக்குப் போதும். நிரம்பினால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், அது அவ்வளவு எளிது. என்விஎம்இ துண்டு பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், ஒரே ஒரு திருகு. எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். பெயர்பெற்ற 1 டெராபைட் எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 600 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் உண்டு. தினம் 30 ஜிபி எழுதினாலும் அந்த அளவை எட்ட ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகும்.

அடுத்து ராம். உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டரே சொல்லும். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள்: பிரவுசரில் பத்துப் பதினைந்து பக்கங்கள், ஒரு வேர்டு கோப்பு, பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு. பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். 8 ஜிபியில் 7-க்கு மேல் நிரம்பியிருந்து, டிஸ்க் வரைபடமும் மேலே ஏறி நின்றால், இடம் போதாமல் ராமில் இருப்பதை டிரைவுக்கு மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேலே சொன்ன அந்தப் பதினேழு நிமிடக் காத்திருப்பு ஒவ்வொரு தடவையும் நடக்கிறது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது கணினி இயங்குவதற்கான அளவு. நிம்மதியாக வேலை செய்வதற்கான அளவு 16.

இங்கேதான் மாற்ற முடியுமா என்ற கேள்வி முக்கியமாகிறது. மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ராமை மதர்போர்டில் பற்றவைத்துவிடுகிறார்கள். ஆப்பிளின் எம் வரிசை மேக்புக்குகளில் ராம் பிராசஸரோடு ஒரே பொதியில் இருக்கிறது. இவற்றில் 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். எனவே வாங்கும் முன் "ராம் ஸ்லாட் காலியா இருக்கா, போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். சால்டர் செய்ததென்றால் 16 ஜிபி இல்லாமல் வாங்காதீர்கள். அந்தக் கூடுதல் பத்தாயிரத்துக்கு அதுதான் இடம்.

ஸ்லாட் இருக்கிற இயந்திரத்தில் 16 ஜிபியை ஒரே துண்டாகப் போடுவதைவிட 8-ம் 8-ம் இரண்டு துண்டாகப் போடுவது நல்லது. டிடிஆர்4-3200 ராம் ஒரு வழியில் நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு துண்டு இருந்தால் இரண்டு வழி, 51.2 ஜிபி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் படம் வரைவதும் இதே ராமைத்தான் நம்பியிருக்கிறது. இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ என்று விளம்பரப்படுத்தும் லேப்டாப்பில் ஒரே ஒரு ராம் துண்டு இருந்தால், உள்ளே அது வெறும் யுஹெச்டி கிராஃபிக்ஸ் என்றுதான் பெயர் காட்டும்.

"ராமைப் பிறகு மலிவாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தோம். 2025-இன் இறுதியில் ஏஐ தரவு மையங்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் வீட்டுப் பயனாளர்களுக்கு விற்றுவந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே கைவிடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே வாங்கும் நாளின் விலையைப் பார்த்து முடிவெடுங்கள். 16-க்கு வழியில்லையென்றால் காலி ஸ்லாட்டோடு 8 ஜிபி வாங்கிக்கொள்வது ஏற்கத்தக்க சமரசம்.

பிராசஸரில் ஐ3, ஐ5, ஐ7 என்ற எழுத்தை மட்டும் பார்த்து வாங்குவதுதான் அதிகம் நடக்கிற ஏமாற்றம். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7-4770 என்றால் 4-ஆம் தலைமுறை, 2013-இல் வந்தது. ஐ3-12100 என்றால் 12-ஆம் தலைமுறை, 2022-இல் வந்தது. இரண்டுக்கும் நான்கு கோர்கள். வேகத்தில் பின்னது தெளிவாக முந்தும். முன்னதில் விண்டோஸ் 11 முறைப்படி போடவும் முடியாது. செகண்ட்ஸ் கடைகளில் "ஐ7 சிஸ்டம்" என்று எழுதி வைத்திருப்பவற்றில் இப்படிப்பட்டவை உண்டு. ஏஎம்டியிலும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யு என்ற பெயரைக் கேட்டால் புத்தம் புதிது போலத் தோன்றும். லேப்டாப்புக்கான அந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்கட்டமைப்பைச் சொல்லும்: 2 என்றால் 2019-இல் அறிமுகமான ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4.

அசெம்பிள் செய்கிறவர்கள் கவனிக்க இன்னொன்று. இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால், ஐ5-12400எஃப் போல, அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. விலை குறைவு என்று வாங்கி வந்தால் மானிட்டரில் படம் வராது. தனியாகக் கார்டு வாங்க வேண்டும். மற்றபடி, படிப்பு, அலுவலகம், படம் பார்ப்பது இவற்றுக்கு அண்மைத் தலைமுறை ஐ3 அல்லது ஐ5 தாராளம். கேம், முப்பரிமாண வரைகலை, கனமான வீடியோ எடிட்டிங் இருந்தால் மட்டும் கிராஃபிக்ஸ் கார்டு. டச் ஸ்கிரீன், கலர் விளக்குகள், ஓராண்டு ஆன்டிவைரஸ் இவற்றுக்குத் தனிப்பணம் கொடுக்க வேண்டாம். விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது. 2024-இல் வந்த கோபைலட் பிளஸ் பிசிகளின் ஏஐ சிப்புக்காகவும் கூடுதலாகக் கொடுக்க இன்னும் காரணம் வரவில்லை என்பது என் கருத்து. அந்தப் பெயரைப் பெறக் குறைந்தது 16 ஜிபி ராம் வேண்டும் என்று விதி வைத்தது மட்டும் நல்ல விஷயம்.

மானிட்டருக்கு நம்மவர்கள் கடைசி இடம் கொடுக்கிறார்கள். ஒரு நல்ல மானிட்டர் இரண்டு கம்ப்யூட்டர்களின் ஆயுளையும் தாண்டி நிற்கும், கண் தினமும் அதன்மேல்தான் இருக்கிறது. 24 அங்குலத்தில் 1920-க்கு 1080 புள்ளிகள் என்றால் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளி. அதே எண்ணிக்கையை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகக் குறைந்துவிடும். தமிழ் படிக்கிறவருக்கு இது உடனே தெரியும். சின்ன எழுத்தில் ண-வின் மூன்று சுழியும் ன-வின் இரண்டு சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும். 27 அங்குலம்தான் வேண்டுமென்றால் 2560-க்கு 1440 புள்ளிகள் உள்ளதாக வாங்குங்கள். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். கடையில் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். லேப்டாப்பின் திரையைப் பின்னால் மாற்றுவது பெரும் செலவு என்பதால் அங்கே இது இன்னும் முக்கியம்; விவரப் பட்டியலில் 45 சதவீத என்டிஎஸ்சி என்று இருந்தால் நிறம் வெளிறித்தான் தெரியும்.

டெஸ்க்டாப் வாங்குகிறவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸை மறந்துவிடுகிறார்கள். கேபினட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போகும்போது மதர்போர்டையும் டிரைவையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். 80 பிளஸ் சான்று பெற்ற ஒன்றைத் தனியாக வாங்குங்கள். இழுக்கும் மின்சாரத்தில் எண்பது சதவீதத்துக்குக் குறையாமல் பாகங்களுக்குக் கொடுக்கும் என்பதற்கான சான்று அது. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? அது வீட்டு எர்த்திங்கின் குறை, எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டு டெஸ்க்டாப்புக்கு 600 விஏ யூபிஎஸ் போதும். கோப்பைச் சேமித்து முறையாக அணைக்கச் சில நிமிடம் கிடைத்தால் சரி. லேப்டாப்பில் பேட்டரியே அந்த வேலையைச் செய்துவிடும்.

கடைசியாக, ஐ7-க்குப் போகாமல் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வேகத்தில் தோற்றாலும், நகல் எடுத்து வைக்கும் வேலைக்கு ஹார்ட் டிஸ்க் இன்னும் பொருத்தமே. ஹார்ட் டிஸ்க் பழுதாகும் முன் சில நேரம் சத்தம் போடும், திணறும். எஸ்எஸ்டி பல நேரம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுவிடும், அதிலிருந்து தகவலை மீட்பதும் கடினம். குழந்தைகளின் படங்கள், சான்றிதழ்கள், நிலப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாவற்றையும் புதுக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்றே அதில் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.