பால் காசு எங்கே போகிறது?

மாடு வளர்க்கும் வீடுகளுக்குப் போனால் நாங்கள் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "மாசா மாசம் பால் காசு வருது, ஆனா கையில ஒன்னும் நிக்குதில்ல." காசை யாரும் களவெடுக்கவில்லை. மாட்டுச் செலவும் வீட்டுச் செலவும் ஒரே பெட்டிக்குள் கிடப்பதால் வரும் வினை இது.

மாட்டுச் செலவு இரண்டு விதம். கறந்தாலும் கறக்காவிட்டாலும் போவது ஒன்று: மாடு வாங்கிய கடன் தவணை, பட்டிக்குப் போட்ட தகரம். இது நிலையான செலவு. புண்ணாக்கு, தவிடு போன்றவை பாலோடு கூடிக் குறையும். இது மாறும் செலவு. பெயர் மறந்தாலும் பரவாயில்லை, வித்தியாசத்தை மறக்க வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் பால் காசு 30,000 ரூபா. தீனிக்கு 14,000, தவணைக்கு 6,000 போனால் மிச்சம் 10,000. இது முழுவதும் இலாபம் என்று நினைத்துச் செலவழித்து விடுகிறோம். ஆனால் கன்று போடுவதற்கு முன் ஏறக்குறைய 2 மாதம் பால் வற்ற விட வேண்டுமே! அப்போது பால் காசு இல்லை, தவணை மட்டும் நிற்காது. தீனியைக் குறைத்து மாதம் 5,000 என்று வைத்தாலும், 2 மாதத்துக்கு 22,000 வேண்டும். கறக்கும் 10 மாதமும் 2,200 வீதம் எடுத்து வைத்தால்தான் அதைச் சமாளிக்கலாம். எடுத்து வைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? தோட்டை அடகு வைக்கிறார்கள், அல்லது புண்ணாக்கை அடியோடு நிறுத்துகிறார்கள். வயிற்றுக் கன்று நன்றாக வளர்வதே அந்தக் கடைசி மாதங்களில்தான். அப்போது பட்டினி போட்டால் அடுத்த ஈற்றில் பாலும் குறையும்.

"புல்லு சும்மாதானே கிடைக்குது" என்பீர்கள். புல் அறுக்கப் போய் அன்றைக்கு அரைப்பேர் விழுந்தால், போன பாதிச் சம்பளம் மாட்டுச் செலவுதான். அதேபோல் பிள்ளைகள் குடித்த பாலை வரவில் எழுதுங்கள். இல்லாவிட்டால் கடையில் பால்மா வாங்கியிருப்பீர்களே.

திருவிழா, சடங்கு, பள்ளிக்கூடச் சப்பாத்து இவையெல்லாம் வீட்டுச் செலவு. செய்ய வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த 2,200 ரூபாவில் கை வைக்காமல் செய்யுங்கள். இன்னொன்று, சம்பளத்தில் பிடிப்பதெல்லாம் செலவு அல்ல. சேமலாப நிதிக்குப் பிடிக்கும் நூற்றுக்கு 8, தோட்டம் போடும் 12, இரண்டும் உங்கள் பெயரில் சேரும் சேமிப்பு. கடைப்பற்றும் தீபாவளி அட்வான்சும் அப்படியல்ல, அவை ஏற்கெனவே செலவழித்த காசு.

ஒரு கொப்பி போதும். இடது பக்கம் மாடு, வலது பக்கம் வீடு. எழுத முடியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். பால் நிலையத்தில் தரும் துண்டையும் கொப்பிக்குள்ளேயே வையுங்கள், அடுப்படியில் சொருகினால் புகை பிடித்து எழுத்து தெரியாது.