ரேடியேட்டருக்குள் ஒரு கஞ்சமலை

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்கும் முறை எளியது. எரிவாயு பாய்லர் நீரைக் காய்ச்சுகிறது. பம்ப் அதை ஒவ்வொரு அறையிலும் உள்ள எஃகு ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. ஆறிய நீர் மறுபடி பாய்லருக்கே வருகிறது. அப்படித் திரும்பும் குழாயில், பாய்லருக்குச் சற்று முன்னால் பொருத்தப்படும் சிறிய உருளைதான் காந்த வடிகட்டி. லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பகுதிகளில் குடியேறிய தமிழர் பலர் இதைத் தினமும் கடந்துபோகிறார்கள். திறந்து பார்த்தவர்கள் குறைவு.

தமிழ்நாட்டின் குளிர்ப்பகுதியான பழனி மலைத்தொடரில் இதற்கு வேலையில்லை. அங்குள்ள தாண்டிக்குடியின் மார்கழிக் குளிருக்குக் கம்பளியும் ஸ்வெட்டரும் போதும். கொடைக்கானலின் பழைய பங்களாக்களில் கணப்படுப்பு உண்டு. இரும்பும் வெந்நீரும் சேரும் இடம் என்று அங்கே சொல்ல வேண்டுமானால் குளியலறை கீசரைத்தான் சொல்ல வேண்டும். கீசருக்குள் ஒவ்வொரு குளியலுக்கும் புதுத்தண்ணீர் வருகிறது, அதோடு ஆக்சிஜனும் வருகிறது. அதனால்தான் பல கீசர்களின் தொட்டிக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்றை வைக்கிறார்கள். தொட்டிக்குப் பதில் அது கரைந்துபோகும். ஹீட்டிங் குழாயின் கணக்கு வேறு. ஒருமுறை நிரப்பிய நீரே வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த வேறுபாட்டை எண்ணில் பார்க்கலாம். குளிர்ந்த குழாய்நீரில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். ஒரு வீட்டின் ரேடியேட்டர்களும் குழாய்களும் 100 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 1 கிராம் ஆக்சிஜன். அது முழுவதும் இரும்போடு சேர்ந்தாலும் மூன்றரை கிராம் அளவுக்கே கறுப்பு ஆக்சைடு உண்டாகும். ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் இரும்பு நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும். ஆனால் அது மெதுவாக நடப்பது. ஆகவே வடிகட்டியில் ஆண்டுதோறும் கைப்பிடி கைப்பிடியாக இந்த ஆக்சைடுச் சேறு சேர்ந்தால், எங்கோ நீர் கசிந்து புதுநீர் ஏறுகிறது, அல்லது காற்று புகுகிறது என்று பொருள்.

அந்தக் கறுப்புச் சேறு மாக்னடைட். சேலத்துக்கு அருகே கஞ்சமலையில் பாறையோடு கலந்து கிடக்கும் இரும்புத்தாதுவும் இதுதான். பிள்ளைகள் மணலில் காந்தத்தை இழுத்துச் சேர்க்கும் கறுப்புத் தூளிலும் பெரும்பங்கு இதுவே. காந்தத்தில் ஒட்டும் இந்தக் குணத்தை நம்பித்தான் வடிகட்டியே இருக்கிறது.

சேறு முதலில் ரேடியேட்டரின் அடியில் படியும். மேலே சூடாகவும் அடிப்பகுதி நடுவில் சில்லென்றும் இருந்தால் இதுதான் காரணம். (மேற்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே வாயு நிற்கிறது. அது ஹைட்ரஜனாகவும் இருக்கலாம் என்பதால், அதை வெளியேற்றும்போது பக்கத்தில் நெருப்பு கூடாது.) பாய்லருக்குள் வெப்பம் மாறும் தகடுகளுக்கு இடையே வழி மிகக் குறுகல், அங்கே அடைத்தால் செலவு பெரிது. பம்ப்பின் கதை இன்னும் விசித்திரம். மின்சாரச் சிக்கன விதிகளால் ஐரோப்பாவில் 2013-க்குப் பிறகு தனியாக விற்கப்படும் பம்ப்புகளும், 2015-க்குப் பிறகு பாய்லருக்குள்ளேயே வருபவையும் பெரும்பாலும் நிலைக்காந்தச் சுழலி கொண்டவையாக மாறின. வடிகட்டி இல்லாத வீட்டில் அந்தச் சுழலியே சேற்றை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும்.

வடிகட்டிக்குள் இருப்பது 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவான நியோடிமியம் காந்தம். சிறியது, ஆனால் மிக வலுவானது. ஹீட்டிங் நீரைப் பராமரிப்பதற்கான பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 7593, 2019 திருத்தத்தில் நிலையான வடிகட்டியைப் பரிந்துரைத்தது.

ஆண்டுக்கு ஒருமுறை, பாய்லர் சர்வீஸோடு சேர்த்துச் சுத்தம் செய்வது வழக்கம். பழைய வீட்டில் புதிதாகப் பொருத்தியிருந்தால் முதல் சில மாதங்களிலேயே ஒருமுறை திறக்க வேண்டும். பாய்லரை அணைத்து, நீர் நன்றாக ஆறும்வரை காத்திருப்பது முதல் வேலை. அடுத்து, உருளையின் இரு பக்க வால்வுகளையும் மூட வேண்டும். இதை மறந்து மூடியைத் திருகினால் வீட்டின் கறுப்பு நீரெல்லாம் தரைக்கு வரும். கம்பளத்தில் பட்ட கறை லேசில் போகாது. அடியில் பாத்திரமும் பழந்துணியும் வைத்து, காற்றுத் திருகைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கிய பிறகே மூடியைக் கழற்றலாம். சில வடிவங்களில் காந்தத்தை உறையிலிருந்து உருவினால் சேறு தானாக உதிரும். சிலவற்றில் விரலால் வழித்துக் கழுவ வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. வளையத்தில் பூசச் சிலிக்கோன் கிரீஸே ஏற்றது. பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். மூடியபின் வால்வுகளைத் திறந்து, காற்றை வெளியேற்றி, ஆறிய நிலையில் அழுத்தமானி 1 முதல் 1.5 பார் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் நீர் ஏற்றிவிட்டு, ஏற்றும் குழாயை மறக்காமல் மூட வேண்டும்.

பாய்லரின் மேலுறையைக் கழற்றும் வேலை இதில் சேராது. எரிவாயுப் பகுதியைத் தொட 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவர் வர வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் இந்தக் காந்தத்தைக் கையாளவே கூடாது.

சேற்றின் நிறம் கவனிக்கத்தக்கது. கறுப்பு என்றால் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் மெல்ல அரிக்கிறது. நீர் செம்பழுப்பாக இருந்தால் காற்று தாராளமாகப் புகுகிறது. அந்தத் துரு காந்தத்தில் சரியாக ஒட்டவும் செய்யாது. அப்போது வடிகட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவுவதைவிடக் கசிவைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

கழுவுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பழைய நீர் போய்ப் புதுநீர் சேர்கிறது. அதாவது ஆக்சிஜன் ஏறி, துருத்தடுப்பு மருந்து நீர்த்துப்போகிறது. அந்த மருந்தான இன்ஹிபிட்டர் உலோகத்தின் மேல் மெல்லிய காப்புப் படலமாகப் படிவது. பல வடிகட்டிகளின் உருளைக்குள்ளேயே அதை ஊற்றி மூடலாம். நீரில் போதிய அளவு இருக்கிறதா என்று ஆண்டுதோறும் சோதனைப் பட்டையால் பார்க்கலாம்.

லண்டனில் நீர் கடினமானது. அதிலிருந்து படியும் சுண்ணாம்பையும், செம்பு, அலுமினியத் துகள்களையும் காந்தம் பிடிக்காது. ரேடியேட்டரின் அடியில் ஏற்கெனவே இறுகிப்போன சேறும் தானாகப் பெயர்ந்து வடிகட்டிக்கு வராது. அதற்கு ரேடியேட்டரைக் கழற்றி அலச வேண்டும், அல்லது இயந்திரம் வைத்து முழுக் குழாயையும் வேகமாக அலசும் ஆளைக் கூப்பிட வேண்டும்.