இழந்ததை எண்ணிச் சொல்

பின்னணியில் ஓடுபவை – 14

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வருக்குள் ஒரு நொடியில் லட்சக்கணக்கான நிகழ்வுகள் நடந்து முடிந்துவிடுகின்றன. ஒரு நிரல் கோப்பைத் திறக்கிறது. இயங்குதளத்தின் மையமான கர்னல் அந்த நிரலைச் சற்றே ஒதுக்கிவைத்து, பிராசஸரை இன்னொரு நிரலுக்குக் கொடுக்கிறது. டிஸ்க்கில் கேட்ட தரவு வந்து சேர்கிறது. நெட்வொர்க் கார்டிலிருந்து ஒரு பாக்கெட் வெளியேறுகிறது. இவை ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்துவைத்தால் கிடைப்பதுதான் தடம். வழக்கமான லாக் கோப்பில் நிரலை எழுதியவர் சொல்ல நினைத்தது மட்டுமே இருக்கும். அவர் நினைத்தே பார்க்காததும் தடத்தில் பதிந்திருக்கும். எப்போதாவது ஒருமுறை தலைகாட்டி மறையும் தாமதங்களைத் துப்புத் துலக்க வல்லுநர்கள் தடத்தைத் தேடிப்போவது இதனால்தான். பல கணினிகளின் தடங்களை நெட்வொர்க் வழியாக வாங்கி ஓரிடத்தில் சேர்க்க, யார் கண்ணிலும் படாமல் ஒரு சேவை ஓடிக்கொண்டிருக்கும். யூனிக்ஸ் உலகில் இத்தகைய சேவைக்கு டீமன் என்று பெயர். தாங்க முடியாத அளவுக்குத் தரவு வந்து குவியும்போது அந்தச் சேவை என்ன செய்ய வேண்டும் என்பதே இந்த வாரத்தின் கேள்வி.

வழிகள் மூன்று இருக்கின்றன. எழுதி முடிக்கும்வரை கணினியைக் காக்கவைக்கலாம். எழுத முடியாததைச் சத்தமில்லாமல் விட்டுவிடலாம். அல்லது, எழுத முடியாததை விட்டுவிட்டு, எத்தனை விட்டோம், எப்போதிலிருந்து எப்போதுவரை விட்டோம் என்பதை மட்டும் தவறாமல் குறித்துவைக்கலாம். மூன்றாவது வழியே சரி என்பது என் வாதம். அறுவடைக் களத்தில் கணக்கு எழுதுபவரின் கை ஓய்ந்துவிட்டது என்பதற்காக யாரும் மூட்டை ஏற்றுவதை நிறுத்துவதில்லை. அதேசமயம், எழுதாமல் விட்ட மூட்டைகள் எத்தனை என்று சொல்லாதவரின் கணக்கை யாரும் நம்புவதுமில்லை. தடம் சேகரிக்கும் சேவையையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். அது எவ்வளவு சேர்த்தது என்பது இரண்டாவது கேள்வி. இழந்ததை ஒழுங்காகச் சொல்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

லினக்ஸ் உலகில் இந்த வேலைக்கென்றே உருவான கருவித்தொகுதி எல்டிடிஎன்ஜி. கரீம் யக்மூர் 1999-இல் தொடங்கிய தடமறிக் கருவியின் அடுத்த தலைமுறையாக, மாண்ட்ரியால் பாலிடெக்னிக்கில் மாத்யூ டெனுவாயே 2005-இல் இதை வெளியிட்டார். தடம் எடுக்கப்படும் கணினியில் ஒவ்வொரு பிராசஸர் கருவுக்கும் தனித்தனியாக ஒரு வளையப் பஃபர் உண்டு. வட்டமாகச் சுற்றிச்சுற்றி நிரப்பப்படும் நினைவகப் பகுதி அது. உள்ளே பல அறைகளாகப் பிரிந்திருக்கும். ஒரு கரு மற்றொரு கருவுக்காகக் காத்திருக்காமல் தன் நிகழ்வுகளைத் தன் பஃபரிலேயே எழுதிக்கொள்ளும். ஓர் அறை நிரம்பியதும் நுகர்வு டீமன் அதை எடுத்து நெட்வொர்க்கில் அனுப்பும். மறுமுனையில் ரிலே டீமன் அதை வாங்கி, எந்தக் கணினியிலிருந்து வந்தது என்பதன்படி கோப்புறை பிரித்து டிஸ்க்கில் எழுதும். டிஸ்க் வசதி இல்லாத சின்னஞ்சிறு கருவிகளையும் இந்த முறையில் கவனிக்கலாம். இந்த ஏற்பாடு நின்றுபோகக்கூடிய இடம் ஒன்று உண்டு. நெட்வொர்க் மெதுவானால் அறைகள் காலியாவது தாமதமாகும். நிகழ்வுகள் வந்துகொண்டே இருக்கும். எழுத இடம் இருக்காது. மூன்று வழிகளில் ஒன்றை அந்த நொடியில் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

முதலிரண்டு வழிகளின் பலன் என்ன என்பதற்கு, லாக் செய்திகளைச் சேர்க்கும் சிஸ்லாக் என்ற சேவையின் வரலாறே சாட்சி. எரிக் ஆல்மன் 1980-களில் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருள் திட்டத்தின் ஒரு பகுதியாக உருவாக்கிய சிஸ்லாக், பிறகு எல்லா யூனிக்ஸ் கணினிகளுக்கும் பொதுவானது. 2001-இல் வெளியான ஆர்எஃப்சி 3164 விவரிப்பதுபோல, அது செய்திகளை யுடிபி 514-ஆம் போர்ட் வழியாக அனுப்பியது. யுடிபியில் அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் இடையே எந்த ஒப்புகையும் கிடையாது. வழியில் தொலைந்த செய்தி தொலைந்ததுதான்; தொலைந்தது என்றுகூட யாருக்கும் தெரியாது. சேர்ந்த கோப்பு முழுமையானதுபோலவே தோற்றமளிக்கும். இந்தக் குறையைத் தீர்க்க, ஒப்புகை பெற்று அனுப்பும் டிசிபிக்கு மாறியவர்கள் எதிர்ப்பக்கத்து ஆபத்தைச் சந்தித்தார்கள். தொலைவிலுள்ள சர்வர் பதில் சொல்லாமல் போனால், செய்திகள் இங்கே வரிசையில் தேங்கும். வரிசை நிரம்பினால் செய்தி எழுத வந்த நிரல் காத்திருக்கும். உள்நுழைவைச் சரிபார்க்கும் நிரலும் சிஸ்லாக்கில் எழுதக்கூடியது என்பதால், சரிசெய்ய வந்த நிர்வாகியே கணினிக்குள் நுழைய முடியாத நிலைகூட வரலாம். எங்கோ ஒரு லாக் சர்வர் படுத்ததற்காக இங்கே நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி உறைந்து நிற்கிறது. கவனிக்க வைத்த சேவையே கவனிக்கப்படும் கணினிக்கு நோயாகிவிடுகிறது.

எல்டிடிஎன்ஜியின் இயல்பான நடத்தை இந்த இரண்டிலிருந்தும் விலகியது. இடமில்லாதபோது அது புதிய நிகழ்வை விட்டுவிடும், நிரலைக் காக்கவைக்காது. ஆனால் விட்டவற்றின் எண்ணிக்கையைத் தரவுப் பொட்டலத்தின் தலைப்பிலேயே எழுதிவைக்கும். பின்னர் அந்தத் தடத்தை பேபல்ட்ரேஸ் என்ற கருவியால் படித்தால், நிகழ்வுகளின் வரிசைக்கு நடுவே ஓர் எச்சரிக்கை வரும். இந்த நேரத்துக்கும் இந்த நேரத்துக்கும் இடையே, இந்தத் தடத்தின் இந்த ஓடையில், இத்தனை நிகழ்வுகள் விடுபட்டுள்ளன. பஃபரைப் பெரிதாக்கியோ, கவனிக்கும் நிகழ்வுகளைக் குறைத்தோ மீண்டும் பதிவுசெய்யலாம் என்பது அதன் சாரம். எங்கே ஓட்டை, எவ்வளவு பெரிய ஓட்டை, அதை எப்படி அடைப்பது என்ற மூன்றும் அதில் அடங்கிவிட்டன.

இந்த எச்சரிக்கை ஏன் அவ்வளவு முக்கியம் என்பது, இரண்டு கணினிகளின் தடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது விளங்கும். முதல் கணினியின் தடத்தில் ஒரு பாக்கெட் அனுப்பப்பட்டதற்கான பதிவு இருக்கிறது. இரண்டாவது கணினியின் தடத்தில் அதைப் பெற்றதற்கான பதிவு இல்லை. பாக்கெட் நெட்வொர்க்கில் தொலைந்ததா, அல்லது பாக்கெட் ஒழுங்காக வந்து சேர்ந்து, அதைக் குறித்த பதிவு மட்டும் தொலைந்ததா? முதலாவது உண்மையென்றால் கேபிளையும் சுவிட்சையும் சோதிக்க வேண்டும். இரண்டாவது உண்மையென்றால் அவற்றில் எந்தப் பழுதும் இல்லை. அந்த நேரத்தில் இரண்டாவது கணினியில் விடுபட்டவை பூஜ்யம் என்று தடம் சொன்னால், பதிவு இல்லாததையே சான்றாகக் கொள்ளலாம். விடுபட்டவை இருநூறு என்று சொன்னால், முடிவெடுக்காமல் மறுபடியும் தடம் எடுக்கலாம். எதுவுமே சொல்லாவிட்டால், இல்லாத பழுதைத் தேடி நாள்கணக்கில் அலைய வேண்டியதுதான். ஒன்று நடக்கவில்லை என்று சொல்லும் உரிமை, விடுபட்டதை எண்ணிவைத்த தடத்துக்கு மட்டுமே உண்டு.

இழப்பே இல்லாமல் எல்லாவற்றையும் சேகரித்தால் என்ன என்று கேட்கலாம். அதற்கு ஒரு விலை உண்டு. அதை அளந்து சொன்னவர்கள் கூகுள் பொறியாளர்கள். டாப்பர் என்ற தங்கள் தடமறி அமைப்பைப் பற்றி 2010-இல் அவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தேடல் சேவையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தடம் எடுத்துப் பார்த்தபோது சராசரித் தாமதம் 16.3 சதவீதம் கூடியது. 16 கோரிக்கைகளுக்கு ஒன்று என்று குறைத்தபோது அது 2.12 சதவீதமாக இறங்கியது. 1024-க்கு ஒன்று என்றபோது பாதிப்பு அளவீட்டுப் பிழையின் எல்லைக்குள் அடங்கிவிட்டது. உற்பத்திச் சூழலுக்கு முதலில் அவர்கள் தேர்ந்தெடுத்ததும் இந்த 1024-க்கு ஒன்றைத்தான். தடங்களைத் திரட்டும் டீமன், சோதனையில் ஒரு பிராசஸர் கருவின் 0.3 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியும் கர்னலின் வரிசையில் அதற்குக் கடைசி முன்னுரிமையே தரப்பட்டது. கூட்டம் அதிகமானால் முதலில் ஒதுங்கி வழிவிட வேண்டியது அதுதான். எத்தனையில் ஒன்று என்ற விகிதம் பின்னாளில் சுமைக்கேற்ப மாறும்படி அமைக்கப்பட்டபோது, அந்த விகிதமும் தடத்தோடு சேர்த்தே பதிவுசெய்யப்பட்டது. எடுக்காமல் விட்டதன் கணக்கு எடுத்ததன் கூடவே இருக்கிறது. மாண்ட்ரியாலும் கூகுளும் வெவ்வேறு வழிகளில் நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. நிகழ்வுகள் விடுபடுவது சுமை உச்சத்தில் இருக்கும்போது. பழுதும் பெரும்பாலும் அப்போதுதான் வெளிப்படுகிறது. அப்படியானால் எது மிகவும் வேண்டுமோ அதையே அல்லவா இழக்கிறோம்? நியாயமான கேள்வி. விடுபடுதல் எல்லா நேரத்திலும் சமமாகப் பரவியிருப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் மொத்தம் இத்தனை போயிற்று என்ற ஒற்றை எண் போதாது. எப்போது போயிற்று என்பதும் வேண்டும் என்கிறேன். இதற்கு மாற்று வழியும் கருவிக்குள்ளேயே இருக்கிறது. புதியதை விடுவதற்குப் பதிலாகப் பழையதை அழித்து அதன்மேல் எழுதும்படி பஃபரை அமைக்கலாம். விமானத்தின் கறுப்புப் பெட்டிபோல, கடைசிச் சில கணங்கள் எப்போதும் கையில் இருக்கும். பழுது தெரிந்த உடனே அந்தப் பகுதியை மட்டும் ரிலே டீமனுக்கு அனுப்பினால் போதும். நெட்வொர்க்குக்கும் ஓயாத சுமை இல்லை. எதை இழப்பது என்பதை முன்கூட்டியே நாம் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம்.

எந்தப் பதிவும் விடுபடக்கூடாது என்று சட்டமோ பாதுகாப்பு விதியோ கட்டாயப்படுத்தும் இடங்களும் இருக்கின்றன. அங்கே என்ன செய்வது என்பது அடுத்த மறுப்பு. லினக்ஸின் தணிக்கைச் சேவையான ஆடிட்டி இதற்கு நேர்மையான பதிலை வைத்திருக்கிறது. பதிவு இழக்கப்படும் நிலை வந்தால் கர்னல் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதில் மூன்று மதிப்புகள். 0 என்றால் பேசாமல் இருக்கும். 1 என்றால் கர்னல் செய்தியாக அறிவிக்கும். 2 என்றால் கணினியையே நிறுத்திவிடும். இயல்பாக அமைந்திருப்பது 1. நிலையைக் கேட்டால், இதுவரை இழந்த பதிவுகளின் எண்ணிக்கையைத் தனி வரியில் காட்டும். பதிவில்லாமல் ஓடுவதைவிட ஓடாமலிருப்பதே மேல் என்று ஒரு நிறுவனம் கருதினால், 2 என்ற எண்ணைத் தானே எழுதி அந்தப் பொறுப்பை ஏற்கலாம். எல்டிடிஎன்ஜியும் 2.10-ஆம் பதிப்பிலிருந்து, இடம் கிடைக்கும்வரை பயன்பாட்டு நிரலைக் காக்கவைக்க வழி தருகிறது. ஆனால் தடம் எடுப்பவர் கேட்டால் மட்டும் போதாது. அந்த நிரலை இயக்குபவரும் சூழல் மாறி ஒன்றின் மூலம் அனுமதி தர வேண்டும். நிறுத்தும் அதிகாரம் இருக்கலாம். யாரோ ஒருவர் தெரிந்தே கொடுத்ததாக அது இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிலே டீமன் வழக்கமாக 5342, 5343 ஆகிய போர்ட்களில் எல்லா நெட்வொர்க் இணைப்புகளிலிருந்தும் தரவை ஏற்கும். நேரலையில் படிப்பதற்கான 5344 மட்டும் அதே கணினிக்குள் அடங்கியது. இந்த இணைப்புகளில் மறையாக்கம் கிடையாது. எந்த நிரல் எப்போது எந்தக் கோப்பைத் திறந்தது என்ற விவரம் திறந்த வெளியில் போகக்கூடாது. தனி நெட்வொர்க்குக்குள் வைத்தோ, எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகவோ மட்டுமே இதை ஓடவிட வேண்டும். ஒரு கணினி இன்னொன்றிடம் வேலை கேட்கும் தொலைசெயல் அழைப்பின் பெயரை மட்டும் டாப்பர் குறித்துக்கொண்டு, அதன் உள்ளடக்கத்தைப் பதிவுசெய்யாமல் விட்டதும் இதே அக்கறையால்தான். எதைச் சேர்க்கவில்லை என்று சொல்வது எப்படிக் கடமையோ, சேர்த்தது யார் கைக்குப் போகிறது என்று தெரிந்திருப்பதும் அப்படியே.

கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பிலுள்ள வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நிறுவனத்தில் லாக், தடம், தணிக்கை என்று எந்தப் பெயரில் எந்தச் சேவை ஓடினாலும், அது இழந்ததன் எண்ணிக்கை எங்கே பதிவாகிறது என்று இந்த வாரமே தேடிப்பாருங்கள். அந்த எண் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. பெரிதாக இருந்தால் பஃபரை மாற்றலாம், நிகழ்வுகளைக் குறைக்கலாம். அப்படி ஓர் எண்ணே இல்லையென்றால், அந்தச் சேவை தரும் கோப்பில் இல்லாத எதையும் நடக்கவில்லை என்று நம்பிவிடாதீர்கள்.