ஒரு நாளில் ஒன்றிய அடியார்கள்

திருவிழாக் காலங்களில் அன்பர்கள் எம்மை அணுகி வினவும் வினா ஒன்றுண்டு. "நாயன்மார் அறுபத்துமூவர். ஆயின் குருபூசை நாள்களை எண்ணிப் பார்த்தால் அத்தொகை வரவில்லையே! ஒரே நாளில் இருவரும் நால்வரும் வருவது எதனால்?" என்பர். நல்ல வினாவே. விடை கூறுமுன், நாள் என்று நம் முன்னோர் எதனைக் கொண்டனர் என்பதைச் சிறிது நோக்குவோம்.

ஆங்கிலத் தேதியை வைத்து நாம் குருபூசை கொண்டாடுவதில்லை. ஞாயிறு நிற்கும் இராசியால் மாதமும், திங்கள் நிற்கும் இடத்தால் நட்சத்திரமும் அமைகின்றன. இவ்விரண்டும் கூடுவதே நாள். ஆதலின் வைகாசி மூலம் ஓராண்டு மே மாதத்திலும் மற்றோராண்டு ஜூன் மாதத்திலும் வரும். நட்சத்திரம் மட்டும் ஒத்தால் ஒரே நாள் ஆகாது. அப்பர் பெருமானுக்குச் சித்திரைச் சதயம். இராசராச சோழ மன்னனுக்குத் தஞ்சையில் விழா எடுப்பது ஐப்பசிச் சதயம். இரண்டும் சதயமே எனினும் நாள் வேறு. சதயத்தைப் பிடித்துக்கொண்டு இவ்விரண்டுக்கும் முடிச்சுப் போடுவோர் உளர். அம்முயற்சி நமக்கு வேண்டா.

இனி, மாதமும் நட்சத்திரமும் ஒருங்கே ஒத்த நாள்களுக்கு வருவோம். ஆடிச் சுவாதி சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கு உரியது. அதுவே சேரமான் பெருமாள் நாயனாருக்கும் உரியது. திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரர் வெள்ளானை மீது திருக்கயிலைக்கு எழுந்தருளினார். அதனை உணர்ந்த சேரர், தம் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி, அதன்மேல் ஊர்ந்து உடன் சென்றார். ஒரே பயணம், ஆகவே ஒரே நாள். இதனினும் வியப்புடையது அதற்கு முதல்நாட் செய்தி. சுந்தரரையே மனத்துட் கொண்டு வழிபட்ட பெருமிழலைக் குறும்ப நாயனார், "நாளை அவர் கயிலை அடைவார், அவரைப் பிரிந்து யாம் இங்கு வாழோம்" என்று துணிந்து, யோகநெறியால் முன்னரே உடல் நீத்தார் என்று பெரியபுராணம் கூறும். அவர் குருபூசை எந்நாள்? ஆடிச் சித்திரை. சித்திரைக்கு அடுத்த நட்சத்திரம் சுவாதி அன்றோ! அந்த ஒரு நாள் இடைவெளியைப் பஞ்சாங்கம் இன்றளவும் காத்து நிற்கிறது. சுவாதியன்று கூடும் கூட்டத்திற் பத்தில் ஒரு பங்கேனும் சித்திரையன்று கூடுவதில்லை என்பது எமக்கு நெடுநாளைய மனக்குறை.

வைகாசி மூலமோ நால்வருக்கு உரியது. நால்வர் என்றவுடன் சமயகுரவரை நினைத்தல் வேண்டா. திருஞானசம்பந்தர், திருநீலநக்கர், முருகர், திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்னும் நால்வர் இவர். கொள்ளிடத்தை அடுத்த ஆச்சாள்புரமே பழைய திருநல்லூர்ப் பெருமணம். அங்கே நம்பாண்டார் நம்பியின் திருமகளாரைச் சம்பந்தர் மணந்த அன்று, திருக்கோயிலிற் பெருஞ்சோதி எழுந்தது. அச்சோதியுள் ஒரு வாயிலும் தோன்றிற்று. நமச்சிவாயத் திருப்பதிகம் பாடி, வந்தவர் அனைவரையும் அவ்வாயிலுட் புகச்செய்து, பின்னர்த் தாமும் தம் தேவியாருடன் புகுந்தார் பிள்ளையார். புகுந்தவர் எண்ணிறந்தோர். பெண் கொடுத்த நம்பாண்டாரும், பெற்ற தந்தையாராகிய சிவபாத இருதயரும் அவருட் சேர்வர். எனினும் அறுபத்துமூவர் வரிசையில் வைத்து எண்ணப்பெறுவோர் மேற்சொன்ன நால்வரே.

மணச்சடங்கை நடத்தியவர் சாத்தமங்கை நீலநக்கர். திருப்புகலூரிற் பூத்தொண்டு செய்து, தம் மடத்தில் அடியார்களைத் தங்கவைத்துப் போற்றியவர் முருகர். இருவரும் அந்தணர். யாழ்ப்பாணரோ எருக்கத்தம்புலியூரிற் பாணர் மரபில் தோன்றியவர். பாணர் கோயிலுட் புகுதல் அக்காலத்து வழக்கன்று. மதுரையில் அவர் வாயிலில் நின்று யாழ் இசைத்தார். இறைவன் தன் தொண்டர்க்கு உணர்த்தியே அவரை உள்ளே அழைப்பிக்க வேண்டியிருந்தது. திருவாரூரில் அவருக்கென வடதிசையில் வேறொரு வாயில் வகுத்துக் கொடுத்தான். அருள்தான்; மறுப்பார் யார்? ஆயினும் அது வேறு வாயில்.

அதன்பின் சாத்தமங்கை நிகழ்ச்சி. யாழ்ப்பாணரும் மனைவியார் மதங்கசூளாமணியாரும் இரவு தங்க இடம் தருக என்று பிள்ளையார் பணித்தார். நீலநக்கர் தம் மனையின் நடுவில், வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் அருகே இடம் கொடுத்தார். பாணர் அங்கே தங்க, அவ்வேதித் தீ முன்னையினும் ஓங்கி, வலஞ்சுழித்து எழுந்தது என்று சேக்கிழார் பெருமான் பாடுகிறார். தீ தீட்டுப்படவில்லை, ஓங்கிற்று! 12-ஆம் நூற்றாண்டிலேயே இதனை இத்துணைத் தெளிவாக எழுதிவைத்தார் அவர். அந்நீலநக்கரும் அப்பாணரும் பெருமணத்திற் புகுந்தது ஒரே சோதி. அங்கே வடவாயில் இல்லை; தென்வாயில் இல்லை; இருந்தது ஒன்றே வாயில். ஒரே வாயில் வழியே ஒரே பொழுதிற் புகுந்தோர்க்கு வெவ்வேறு நாள் வகுத்தல் எங்ஙனம் இயலும்? அன்பர் வினாவுக்கு விடை இதுவே.

அங்ஙனமிருக்க, இன்று நாம் காண்பது என்ன? வைகாசி மூல அழைப்பிதழ்கள் ஆண்டுதோறும் எமக்கு வருகின்றன. சம்பந்தர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஒருசிலவற்றில் நீலநக்கரும் முருகரும் சிற்றெழுத்தில் வருவர். யாழ்ப்பாணரைக் காண்பது அரிது. இடம் போதவில்லை என்பர் விழா நடத்துவோர். நன்கொடையாளர் பட்டியலுக்கு மட்டும் இரண்டு பக்கம் எப்படிக் கிடைக்கிறதோ, யாம் அறியோம். அறுபத்துமூவர் திருமேனிகள் உள்ள கோயிலாயின், அன்று நால்வர்க்கும் ஒருங்கே திருமஞ்சனமும் தூபதீபமும் நிகழ்தல் வேண்டும். செலவு மிகுதியாகாது: மூன்று மாலை, மூன்று பரிவட்டம்.

இன்னொன்றும் விழா நடத்துவோர் கருதுக. நம்பியாண்டார் நம்பிகள் தேவாரப் பதிகங்களைத் தொகுத்தபின், அவற்றுக்குரிய பண் முறை மறைந்து கிடந்தது. அதனை அறிய எருக்கத்தம்புலியூருக்குச் சென்று, யாழ்ப்பாணர் மரபிற் பிறந்த பெண்மணி ஒருவரைக் கொண்டே பண்களை வகுத்தார் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். சம்பந்தர் திருமுன் அன்றிரவு ஓதுவார் பாடும் பதிகங்கள் அவ்வம்மையார் அமைத்துத் தந்த பண்ணிலேயே ஒலிக்கின்றன.