குப்பைக்குப் போன பெட்டி 2 லட்சம் டாலர்! பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கும் ஆசாமிகள்

குப்பை என்று தூக்கிப் போட்ட பெட்டி, 2 லட்சம் டாலருக்கு விலை போனது!

கதை அல்ல. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் நடந்தது.

அங்கே மில்பிடாஸ் என்று ஒரு ஊர். பழைய எலெக்ட்ரானிக் சாமான்களை வாங்கிப் பிரிக்கும் கம்பெனி ஒன்று அந்த ஊரில் இருந்தது. 2015-ம் ஆண்டு, ஒரு பெண் சில பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். கணவர் இறந்துவிட்டார். வீட்டைச் சுத்தம் செய்தபோது கிடைத்தவை அவை. ரசீது வேண்டாம் என்றார். பெயரும் சொல்லவில்லை. போய்விட்டார்.

பிறகு ஊழியர்கள் பெட்டிகளைப் பிரித்தார்கள். உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு. பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். அது "ஆப்பிள்-1". ஆப்பிள் கம்பெனியின் முதல் கம்ப்யூட்டர்! 1976-ல் ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்தது. அன்று விலை 666 டாலர் 66 சென்ட். மொத்தம் செய்ததே சுமார் 200தான்.

கம்பெனி அதை 2 லட்சம் டாலருக்கு விற்றது. "பாதிப் பணம் அந்த அம்மாளுக்கு" என்று சொல்லி, அவரை ஊர் முழுக்கத் தேடியது. பத்திரிகைகளில் செய்தி வந்தது. உலகம் பூராவும் படித்தார்கள்.

பழைய கம்ப்யூட்டருக்கு இவ்வளவு மவுசா? ஆமாம். ஆனால், இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் பணத்துக்காக இறங்கியவர்கள் அல்ல.

எதற்கு இந்தக் கிறுக்கு?

தபால்தலை சேர்ப்பவர்கள் உண்டு. பழைய நாணயம் சேர்ப்பவர்கள் உண்டு. அதே மாதிரி பழைய கம்ப்யூட்டர் சேர்ப்பவர்களும் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் என்று எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.

தபால்தலையை ஆல்பத்தில் ஒட்டிவிடலாம். கம்ப்யூட்டர் அப்படியா? ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும். வீட்டில் சண்டை வரும்.

"ஏங்க, இந்த ஓட்டைப் பெட்டியை எப்பத்தான் தூக்கிப் போடப் போறீங்க?"

"கொஞ்சம் பொறும்மா. ஒரு கப்பாசிட்டர் மாத்தினா ஓடிடும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க!"

எந்த நாட்டு வீடாக இருந்தாலும் இந்தச் சண்டை ஒன்றுதான்.

இவர்களுக்குப் பெட்டியைச் சேர்த்து வைத்தால் மட்டும் போதாது. அது ஓட வேண்டும். அந்தக் காலத்து டாஸ், விண்டோஸ் 3.1, விண்டோஸ் 95 ஆகியவை அந்தக் காலத்துப் பெட்டியிலேயே ஓட வேண்டும். திரையில் அந்தப் பழைய எழுத்து தெரியும்போது கிடைக்கிற சந்தோஷமே தனி!

முதல் எதிரி பேட்டரி

பழைய கம்ப்யூட்டரைக் கொல்வது எது தெரியுமா? துருவும் அல்ல, தூசியும் அல்ல. உள்ளே இருக்கிற சுண்டுவிரல் அளவு பேட்டரி!

மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரம் ஓட வேண்டும் என்பதற்காக 1980-களிலும் 90-களிலும் மதர்போர்டில் நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்ற வைத்தார்கள். வருஷங்கள் ஆக ஆக அது கசியும். கசிகிற ரசாயனம், செம்புக் கம்பிக் கோடுகளை அரித்துத் தின்றுவிடும். வெளியே பார்த்தால் பெட்டி புத்தம் புதுசு. திறந்து பார்த்தால் உள்ளே பச்சைப் பாசி!

அதனால், விஷயம் தெரிந்தவர்கள் பழைய பெட்டி கைக்கு வந்ததும் ஸ்விட்சைப் போட மாட்டார்கள். முதலில் மூடியைக் கழற்றுவார்கள். பேட்டரியை வெட்டி எடுப்பார்கள். பிறகு கப்பாசிட்டர்களைப் பார்ப்பார்கள். உப்பியிருந்தால் மாற்றுவார்கள். அதன் பிறகுதான் மின்சாரம்.

பழுப்பேறிய பிளாஸ்டிக்கை வெளுக்கவும் வைத்தியம் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி வெயிலில் வைக்கிறார்கள். நிறம் திரும்பி வருகிறது.

பிக்சர் டியூப் உள்ள மானிட்டரை மட்டும் தெரியாதவர்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் அழுத்த மின்சாரம் தங்கியிருக்கும். ஆளையே அடித்துவிடும்!

டாஸ் சாகவில்லை!

1994-ல் ஒரு செய்தி பரவியது. எம்.எஸ்.டாஸுக்கு மைக்ரோசாப்ட் முழுக்குப் போடப் போகிறது என்பதுதான் அது. அமெரிக்காவில் ஜிம் ஹால் என்ற கல்லூரி மாணவருக்குப் பொறுக்கவில்லை. "நாமே ஒரு டாஸ் எழுதுவோம், வாருங்கள்" என்று கூப்பிட்டார். பலர் சேர்ந்தார்கள். அதுதான் "பிரீடாஸ்". இலவசம். 30 வருஷத்துக்கு மேலாகியும் சாகவில்லை. 2025-லும் அதன் புதிய பதிப்பு வந்தது.

மைக்ரோசாப்ட்டும் இறங்கி வந்தது. எம்.எஸ்.டாஸின் ஆரம்பப் பதிப்புகளின் மூல நிரல் 2014-ல் வெளியானது. 4.0 பதிப்பின் நிரலை 2024-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

பழைய பெட்டி கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. இன்றைய கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் மாதிரி வேஷம் போடும் புரோகிராம்கள் உண்டு. 2002-ல் வந்த "டாஸ்பாக்ஸ்" அதில் பிரபலமானது.

விளையாட்டு மட்டுமல்ல

"வேலை இல்லாதவர்கள் வேலை" என்று சிரிக்க வேண்டாம். இதைக் கேளுங்கள்.

2015 நவம்பர் மாதம். பாரீஸ் நகரின் ஓர்லி விமான நிலையம். ஓடுபாதை வானிலை விவரத்தை விமானிகளுக்குத் தரும் கம்ப்யூட்டர் திடீரென்று படுத்துவிட்டது. விமானங்கள் நின்றன. என்ன காரணம் என்று பார்த்தால், அது ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 3.1-ல்! 1992-ம் ஆண்டுச் சரக்கு.

சான்பிரான்சிஸ்கோ நகரில் சுரங்கப் பாதையில் ஓடும் ரெயில்களின் கட்டுப்பாட்டு முறை 1998-ல் வந்தது. அதற்கு உயிர் கொடுப்பது ஐந்தேகால் அங்குல பிளாப்பி! இதை மாற்ற 2024-ல்தான் ஒப்பந்தம் போட்டார்கள். செலவு 21 கோடியே 20 லட்சம் டாலர். அடேயப்பா!

இப்படிப்பட்ட இயந்திரம் மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவது? புதுசாகப் படித்து வந்த பையன்களுக்கு அது தெரியாது. பழைய பெட்டியோடு மல்லுக்கட்டும் இந்தக் "கிறுக்கர்களுக்கு"த்தான் தெரியும்!

சூனியக்காரி கண் விழித்தாள்

இங்கிலாந்தில் ஹார்வெல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்துக்காக ஒரு கம்ப்யூட்டர் செய்தார்கள். 1951-ல் ஓடத் தொடங்கியது. எடை இரண்டரை டன். மினுக் மினுக்கென்று எரியும் 828 டெகாட்ரான் குழாய்கள். இரண்டு எண்களைப் பெருக்க 5 முதல் 10 விநாடி ஆகும்! பிறகு அது ஒரு கல்லூரிக்குப் போனது. அங்கே வைத்த பெயரின் சுருக்கம் "விட்ச்". அதாவது சூனியக்காரி.

கடைசியில் கழற்றி மூலையில் போட்டுவிட்டார்கள். பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கம்ப்யூட்டர் மியூசியத் தொண்டர்கள் அதை எடுத்து வந்தார்கள். சம்பளம் கிடையாது. வருஷக் கணக்கில் உழைத்தார்கள். 2012 நவம்பரில் சூனியக்காரி கண் விழித்தாள். வேலை செய்யும் அசல் டிஜிட்டல் கம்ப்யூட்டர்களில் உலகிலேயே மூத்தது இதுதான் என்று பெயர் வாங்கியது.

கோடீசுவரர் கண்ணை மூடினார்

ஆனால் எல்லாக் கதையும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை.

பால் ஆலன். மைக்ரோசாப்ட்டை பில் கேட்சுடன் சேர்ந்து தொடங்கியவர். சியாட்டில் நகரில் பழைய கம்ப்யூட்டர்களுக்கென்றே ஒரு மியூசியம் வைத்தார். 2012-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிற மியூசியம் அல்ல. உட்கார்ந்து தட்டியே பார்க்கலாம்!

2018-ல் ஆலன் இறந்தார். 2020-ல் கொரோனா வந்தது. மியூசியம் மூடப்பட்டது. 2024-ல், "இனித் திறக்கமாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். சாமான்கள் ஏலத்துக்குப் போயின. அங்கே இருந்த ஆப்பிள்-1 ஒன்று மட்டும் 9 லட்சத்து 45 ஆயிரம் டாலருக்குப் போனது!

கோடீசுவரர் வைத்த மியூசியமே நிலைக்கவில்லை. பிறகு யார்தான் காப்பாற்றுவது? வீட்டு மாடியில் சால்டரிங் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆள்தான்.

தமிழுக்கும் சம்பந்தம் உண்டு

"இதெல்லாம் வெள்ளைக்காரன் விவகாரம். நமக்கு என்ன?" என்று கேட்கலாம். நமக்குத்தான் ரொம்ப அவசியம்!

கம்ப்யூட்டரில் தமிழ் 1980-களிலேயே வந்துவிட்டது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் "முரசு" செய்தார். டாஸில் ஓடிய "ஆதமி"யும் உண்டு. பிறகு டி.டி.பி. சென்டர்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. புத்தகம், பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் பேஜ்மேக்கரில் அச்சுக் கோர்த்தார்கள்.

அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு கம்பெனி எழுத்துருவும் ஒவ்வொரு விதம். ஆங்கில எழுத்து இருக்கிற இடத்தில் தமிழ் எழுத்தை வைத்தார்கள். ஒருவர் "க" வைத்த இடத்தில் இன்னொருவர் "ம" வைத்திருப்பார். அந்தப் பைலை அதே எழுத்துரு இல்லாத இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால், தமிழ் வராது. பூச்சி பூச்சியாக ஏதோ வரும்!

இதைச் சரிக்கட்டத்தான் 1999-ல் சென்னையில் "தமிழ்நெட் 99" மாநாடு கூடியது. டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள். பின்னால் யூனிகோடு வந்து எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. எழுத்து முறை மாற மாற, நூல்களையும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். அதனால்தான் இன்றும் படிக்க முடிகிறது.

மாற்றாமல் விட்டவை? பிளாப்பியில் தூங்குகின்றன. எழுதியவர் போயிருப்பார். அச்சான பிரதியும் செல்லரித்திருக்கும். அந்த எழுத்தை மறுபடி கண்ணால் பார்க்க, அதே எழுத்துருவோடு ஒரு விண்டோஸ் 95 அல்லது 98 எங்காவது உயிரோடு இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி!

பிளாப்பிக்கும் ஆயுள் கெட்டி இல்லை. ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும். ஜப்பானில் சோனி கம்பெனி 2011-லேயே பிளாப்பி விற்பதை நிறுத்திவிட்டது. நாள் போகப் போக, எடுப்பது கஷ்டம்.

உங்கள் பரணில் என்ன இருக்கிறது?

வீட்டைக் காலி செய்யும்போது பழைய பெட்டி கிடைத்தால், உடனே காயலான் கடைக்குப் போட வேண்டாம். ஆசையாக இருக்கிறதே என்று பிளக்கைச் சொருகவும் வேண்டாம். முதலில் பேட்டரி கசிந்திருக்கிறதா என்று விஷயம் தெரிந்தவரை விட்டுப் பாருங்கள்.

மூன்றரை அங்குல பிளாப்பி என்றால், யு.எஸ்.பி.யில் மாட்டும் டிரைவ் கொண்டு நகல் எடுக்கலாம். ஐந்தேகால் அங்குலம் அதில் நுழையாது. பழைய டிரைவ் வேண்டும். ஹார்டு டிஸ்க்கை நகல் எடுக்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

பழைய விண்டோஸை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் இன்டர்நெட்டில் மட்டும் சேர்க்காதீர்கள். விண்டோஸ் 95-க்கு 2001-லேயே, எக்ஸ்.பி.க்கு 2014-லேயே பாதுகாப்புக் கவனிப்பு நின்றுவிட்டது. திறந்த வீட்டில் திருடன் நுழைவது போல் வைரஸ் நுழையும்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் வழக்கமான கவனிப்பு முடிந்தது. புது விண்டோஸ் ஏறாத கம்ப்யூட்டர்கள் இனி வரிசையாக மூலைக்குப் போகும்.

அப்பாவின் கணக்கு, தாத்தா எழுதிய நாடகம், சங்கத்தின் ஆண்டு மலர், குழந்தையின் முதல் படம்... எது எந்தப் பெட்டியில் இருக்கிறதோ! பெட்டி போனால் இன்னொன்று வாங்கலாம். உள்ளே இருப்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.