இரண்டு குறி சேர்ந்தால் ஒரு குறி ஆகுமா?

பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் கணிதத் தேர்வுத்தாளோடு வந்தான். "மாமா, எக்ஸ் 5-ஐவிடக் குறைவுன்னு நினைச்சு நாலு விடை எழுதினேன். அஞ்சு விடையாம், மார்க் போச்சு!" என்றான். வாங்கிப் பார்த்தேன். தட்டச்சு செய்தவர் ≤ குறிக்குப் பதிலாக < அடித்து, இடைவெளி விட்டு, = அடித்திருக்கிறார். வரி அங்கே முடிந்ததால் < மேலே நின்றுவிட, = கீழே போய்விட்டது. 5-க்குக் குறைவான மிகை முழு எண்கள் 4. 5-ஐயும் சேர்த்தால் 5. குறி பிரிந்ததில் விடையே மாறிவிட்டது.

அருகருகே வைத்துவிட்டால் இரண்டு குறிகள் ஒன்றாகிவிடாது. 'இது ஒரே குறி' என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். அதற்கு வழிசெய்த மென்பொருள்களில் முக்கியமானது 'டெக்'. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத், தம் நூலின் புதுப்பதிப்புக்கு 1977-ல் வந்த அச்சுப்படி பிடிக்காமல், தாமே உருவாக்கத் தொடங்கியது அது.

டெக், குறிகளை இனம் பிரித்து வைத்திருக்கிறது. + செயற்குறி; =, < உறவுக்குறிகள்; எழுத்தும் எண்ணும் சாதாரணக் குறிகள். கணிதத்துக்குள் நாம் அடிக்கும் இடைவெளியை அது கண்டுகொள்வதில்லை. இனம் பார்த்துத் தானே விடுகிறது. 'எம்' என்ற எழுத்தளவை 18 பங்காக்கினால், செயற்குறிக்கு இருபுறமும் 4 பங்கு, உறவுக்குறிக்கு 5 பங்கு.

இணைகோட்டுக் குறிக்காக | விசையை இருமுறை அடித்தால் என்ன ஆகும்? ஒற்றைக்கோடு அதற்குச் சாதாரணக் குறி. எனவே பக்கத்து எழுத்துகளோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இரண்டையும் 'மேத்ரெல்' என்ற கட்டளைக்குள் இட்டால் முழுவதும் ஓர் உறவுக்குறி. உரிய இடம் கிடைக்கும். வரி நடுவில் முறியாது. சமக்குறியின் தலைமேல் முக்கோணம் ஏற்ற 'ஸ்டாக்ரெல்' உண்டு. := அடித்தால் வேறு சிக்கல்: இரண்டும் உறவுக்குறிகள் என்பதால் நெருங்கித்தான் நிற்கும், ஆனால் முக்காற்புள்ளி சற்றுத் தாழ்ந்துவிடும். அதை உயர்த்திச் செய்த ஒரே குறி 'மேத்டூல்ஸ்' தொகுப்பில் கிடைக்கிறது.

இந்தச் சேர்க்கை தமிழருக்குப் புதிதா என்ன? 'கொ' எழுத ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டாலும், அவை சேர்ந்த ஒரே குறியை இட்டாலும் இரண்டும் சமம் என்பது யூனிகோடு விதி. = மேல் சாய்கோட்டு இணைகுறியை இட்டாலும் ≠ என்ற தனிக்குறிக்குச் சமமே. ஆனால் <, = இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ≤ ஆகும் என்று அதில் விதியே இல்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

செய்வதும் எளிது. வேர்டில் சமன்பாட்டுப் பெட்டிக்குள் <= அடித்து இடைவெளி விசையைத் தட்டினால் ≤ வந்துவிடும். வீட்டில் யாராவது வினாத்தாள் தட்டச்சு செய்தால் இந்த ஒரு தட்டலை மறக்காமல் சொல்லிவையுங்கள். ஒரு பிள்ளையின் மார்க் அதில் இருக்கிறது.